அறுபது லிட்டர் கடல்

பிப்ரவரி 12

பூதக்கண்ணாடிக்கு,

போனில் கிடைத்த மூன்று நிமிடமும் "கேக்குதா, கேக்குதா" என்றே போய்விட்டது. நீ "கேக்குது" என்றாய், உடனே லைன் அறுந்துவிட்டது. இனிமேல் கடிதம்தான். பத்து நாளுக்கு ஒருமுறை உன் தீவுக்குப் படகு உண்டாமே, அதை நம்பி எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். உன் உப்புத்தண்ணீர் மீன்தொட்டியில் கறை விழுந்திருக்கிறது. மணல்மேல் பழுப்பு மாவைச் சலித்துவிட்டது போல் ஒரு படிவு. கண்ணாடியிலும் இருக்கிறது, விரலால் பெயர் எழுதலாம். துடைத்தேன். மறுநாள் கடை திறக்கக் கிளம்பும்போது பார்த்தால் மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தது. பதினெட்டு வருஷமாகக் கறையோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். எண்ணெயா, மையா, துருவா, ரத்தமா என்று கவுண்டரில் நின்றபடியே சொல்லிவிடுவேன். இது என்னவென்று பிடிபடவில்லை.

நீ எழுதிவைத்த நோட்டுப்படிதான் எல்லாம் செய்கிறேன். ஒன்றே ஒன்று மாறியது. சமையலறை ஆர்.ஓ. மெஷின் ஒரு வாளி நிறைய அரை நாள் எடுக்கிறது. அதனால் கடையில் துவைக்கிற மெஷினுக்குப் போகும் சாஃப்ட் தண்ணீரில் உன் உப்பைக் கலந்து ஊற்றினேன். பட்டுக்கே ஒத்துக்கொள்ளும் தண்ணீர், மீனுக்கு ஒத்துக்கொள்ளாதா என்று நினைத்தேன்.

கடையில் புரியாத கறை வந்தால் வெள்ளைத் துணித்துண்டில் ஒற்றி எடுத்து, மார்க்கிங் மையால் நம்பர் போட்டு, சோப்பு ரசாயனம் விற்பவருக்கு அனுப்பிக் கேட்போம். இதையும் அப்படியே ஒற்றிக் காயவைத்து அனுப்பியிருக்கிறேன். நம்பர் 1. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிற அந்த மைக்ராஸ்கோப்பில் இதையும் ஒருமுறை பார்.

கோமாளி மீன் இரண்டும், அதாவது உன் பெரியவளும் சின்னவனும், நன்றாகச் சாப்பிடுகிறார்கள். நத்தை நான்கும் சௌக்கியம். உன் லேப் கோட்டு எட்டும் போதுமா? அங்கே துவைக்க ஆள் உண்டா?

கடைக்காரன்


பிப்ரவரி 24

லாண்டரிக்காரருக்கு,

உங்கள் நம்பர் 1 வந்தது. உப்புத்தண்ணீரில் ஊறவைத்து லென்ஸுக்கு அடியில் வைத்தேன். கண்ணாடியில் செய்த சின்னத் தோணிகள், ஆயிரக்கணக்கில். இதன் பெயர் டயாட்டம். தன் ஓட்டைக் கண்ணாடிச் சத்தில் கட்டிக்கொள்ளும் பாசி. அந்தச் சத்து உங்கள் சாஃப்ட் தண்ணீரில் தாராளமாக இருக்கிறது. துணிக்கு மெதுவாக இருக்கிற தண்ணீர் தொட்டிக்கு நல்ல தண்ணீர் ஆகிவிடாது. ஆர்.ஓ. தண்ணீருக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் என்ன செய்வது. தண்ணீரை மாற்றுங்கள், கண்ணாடியைத் துடையுங்கள், போய்விடும். சுத்தம் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

ஆறு வருஷம் அந்தத் தொட்டி கூடத்தில் இருந்தது. ஒருநாளாவது பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்களா? இப்போது ஒற்றி எடுத்து நம்பர் போட்டு அனுப்புகிறீர்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இங்கே லேபில் நான் ஒருத்திதான். ஜன்னலைத் திறந்தால் கடல். இவ்வளவு கடலைப் பார்த்துக்கொண்டு அறுபது லிட்டரைப் பற்றிக் கவலைப்படுகிறேன்.

கோட்டு எட்டும் இருக்கிறது. எண்ணிவிட்டேன். படகுத்துறையில் ஆறு மாதத்துக்குக் கிளம்புகிறவளிடம் நீங்கள் பேசியதும் அது ஒன்றுதானே: "எட்டு கோட்டும் இருக்கு, எண்ணிக்கோ."

நான்


மார்ச் 11

பூதக்கண்ணாடிக்கு,

உன் கடிதம் கைக்கு வருவதற்குள் பழுப்பு போய்விட்டது. இருந்தாலும் சுத்தம் பற்றி நீ கேட்ட கேள்வி சுருக்கென்று தைத்தது. பாதியில் விட்டால் நான் லாண்டரிக்காரன் இல்லை.

இப்போது ஆர்.ஓ. தண்ணீர்தான். மெஷினுக்குக் கீழே நாலு வாளி வரிசையாகக் காத்திருக்கிறது. நீ வாரம் ஒருமுறை மாற்றுவாய், நான் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுகிறேன். தீனியையும் குறைத்துவிட்டேன், இரண்டு நாளுக்கு ஒரு சிட்டிகை. மிச்சம் விழுந்தால்தானே அழுக்கு. மீன்கடைக்காரர் ஒரு பை கொடுத்தார். பாசிக்குத் தீனியான பாஸ்பேட் தண்ணீரில் எவ்வளவு இருந்தாலும் உறிஞ்சிவிடுமாம். "இதப் போடுங்க சார், பாசி உங்க வீட்டு வாசலக்கூட மிதிக்காது" என்றார். போட்டுவிட்டேன்.

வந்து பார்த்தால் உனக்கே நம்பிக்கை வராது. தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, மீன் இரண்டும் காற்றில் தொங்குகின்றன. நம்பர் 2 துணியை இத்துடன் வைத்திருக்கிறேன். அழுத்தித்தான் ஒற்றினேன், ஒன்றும் ஒட்டவில்லை. அதுதான் செய்தி.

மத்தியானம் கடையை மூடிவிட்டு வந்து தொட்டிக்கு முன்னால் சாப்பிடுகிறேன். ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டிருக்கிறேன். பெரியவள் கண்ணாடிக்கு அருகில் வந்து என்னைப் பார்த்துவிட்டு, நீ இல்லையென்று தெரிந்ததும் திரும்பிப் போகிறாள். வீட்டில் எல்லாவற்றையும் துவைத்துவிட்டேன், ஜன்னல் திரை உட்பட. உன் தலையணை உறையை மட்டும் மெஷினில் போடவில்லை. ஒரு நாளைக்கு நூறு உருப்படி போடுகிறேன், அது ஒன்றுக்கு மட்டும் கை வரமாட்டேன் என்கிறது.

கடைக்காரன்


மார்ச் 22

லாண்டரிக்காரருக்கு,

நம்பர் 2 துணியை மூன்று முறை பார்த்தேன். உண்மையிலேயே ஒன்றுமில்லை. ஓர் உயிர்கூட இல்லை. கடல்தண்ணீர் இப்படி இருக்கக் கூடாது. இது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இந்தக் கடிதம் வருவதற்குள் அங்கே என்ன நடந்திருக்குமோ. நான் பதில் எழுதுவதெல்லாம் பத்து நாளைக்கு முந்திய தொட்டிக்கு.

தலையணை உறை பற்றி நீங்கள் எழுதியதை நாலைந்து தடவை படித்தேன். இதையெல்லாம் நீங்கள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் ஒன்று கேட்கிறேன்.

டிசம்பரில் இந்தத் தீவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. நான்தான் விண்ணப்பம் போட்டிருந்தேன், உங்களிடம் சொல்லவில்லை. உத்தரவு வந்த பிறகும் சொல்ல வாய் வரவில்லை. கையில் கசக்கிக் கசக்கி வைத்திருந்து, கடைசியில் அதை வெள்ளைக் கோட்டின் இடது பையில் போட்டு, கோட்டைத் துவைக்க எடுத்துவைத்தேன். தெரிந்தேதான் வைத்தேன். பையைத் துழாவாமல் நீங்கள் எதையும் மெஷினில் போடமாட்டீர்கள் என்று தெரு முழுக்கத் தெரியும்.

இரண்டு நாள் கழித்துக் கோட்டு வந்தது. பைக்குள் கைவிட்டேன். தாள் இருந்தது. இஸ்திரி போட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல், நாலாக மடித்து வைத்திருந்தீர்கள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா" என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் இருந்தது. தினமும் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். ஏன் கேட்கவில்லை?

நான்


ஏப்ரல் 5

பூதக்கண்ணாடிக்கு,

முதலில் கெட்ட செய்தி. நத்தை இரண்டு செத்துவிட்டது. போன வாரம் மணலில் பழுப்பாகக் கொழகொழவென்று ஏதோ வந்தது. முதலில் வந்த மாவு போல் இல்லை. சளி போல் நூல்நூலாக நீண்டு ஆடுகிறது, ஒவ்வொரு நூல் நுனியிலும் ஒரு காற்றுக்குமிழ். காலையில் ஏறக்குறையக் காணோம். மத்தியானம் நான் சாப்பிட உட்காரும்போது தொட்டி முழுக்க விரிந்திருக்கிறது. பயந்துபோய் தினமும் தண்ணீர் மாற்றினேன். மாற்ற மாற்ற அதிகமாகிறது. மீன்கடைக்காரர் இன்னொரு பை கொடுத்தார். இத்துடன் நம்பர் 3.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். தாளைக் கண்டுபிடித்தேன். எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு, உனக்கும் தெரியும். பையில் கிடைப்பதைப் படிக்கக் கூடாது, அப்படியே திருப்பி வைத்துவிட வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. படித்தேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நீராவிக்கு நடுவில் நின்றேன். இஸ்திரி போடுகிற அண்ணன் "என்னாச்சு முதலாளி, சூடு பட்டுடுச்சா" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சொல்ல வேண்டுமென்றால் நீயே சொல்வாய், சொல்லாததை நான் கேட்டால் உன்னை இழுத்துப் பிடிப்பது போல் ஆகிவிடும் என்று நினைத்தேன். தாள் கசங்கியிருந்தது. கசங்கியதைக் கண்டால் என் கைக்கு ஒரே வேலைதான் தெரியும். வாடிக்கையாளருக்குச் செய்வதை உனக்கும் செய்துவிட்டேன். அது தப்பு என்று இப்போது தெரிகிறது.

மீன் இரண்டும் மெலிந்திருக்கின்றன. சீக்கிரம் எழுது.

கடைக்காரன்


ஏப்ரல் 16

லாண்டரிக்காரருக்கு,

படகு கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. முதலில் தொட்டி.

நம்பர் 3-இல் இருப்பது டைனோ. எள் வடிவத்தில், ஓடு போட்ட நுண்ணுயிர், பாசி இனம். சிலவற்றில் விஷம் உண்டு, நத்தை அதைத் தின்றுதான் செத்திருக்கும். உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை: அந்தச் சளியைக் கொஞ்சம் தண்ணீரோடு பாட்டிலில் எடுத்து நன்றாகக் குலுக்குங்கள். பருத்தித் துணியில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிந்த தண்ணீரில் மறுபடி நூல் சேர்ந்தால் அதுதான்.

இது அழுக்கில் வருவதில்லை. தண்ணீரில் எதுவுமே மிச்சம் இல்லாதபோது, போட்டிக்கு வேறு எந்தப் பாசியும் இல்லாதபோது வருவது. தொட்டியைப் பட்டினி போட்டிருக்கிறீர்கள். இன்றே தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள். பாஸ்பேட் பையைத் தூக்கி எறிந்துவிட்டு, விஷத்தை உறிஞ்ச ஒரு கரிப்பை போடுங்கள். தீனி ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மீந்தாலும் பரவாயில்லை. மூன்று நாள் விளக்கை அணைத்து, தொட்டியைக் கனமான துணியால் மூடிவையுங்கள். திறந்த பிறகு கண்ணாடியில் பச்சை வந்தால் துடைக்காதீர்கள். பச்சை வரவேண்டும். அது வந்தால்தான் இது போகும்.

சுத்தம் பற்றிக் குத்திக்காட்டியது நான்தான். நத்தை இரண்டிலும் எனக்குப் பாதிப் பங்கு உண்டு.

உங்கள் பதிலைப் படித்தேன். நம் வீட்டில் ஆறு வருஷம் ஒரு சண்டை வரவில்லை. என் அக்கா அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்வாள். எனக்கோ மூச்சு முட்டியது. "எங்கடி போற, என்னக் கேக்காம" என்று ஒருமுறை கத்தியிருந்தால் விண்ணப்பத்தை அங்கேயே கிழித்திருப்பேன்.

இன்னொரு விஷயம். பெரிய டாக்டர் இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே இருக்கச் சொல்கிறார். ஜூன் 20-ஆம் தேதிப் படகில் படிவம் போகவேண்டும். தகவலுக்காக எழுதுகிறேன்.

நான்


மே 2

பூதக்கண்ணாடிக்கு,

சோதனை செய்தேன். பாட்டிலைக் குலுக்கியதும் எல்லாம் கலைந்து வெறும் கலங்கல் தண்ணீர் ஆகிவிட்டது. துணியில் வடித்தேன், பளிச்சென்று இறங்கியது. ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்குக் கடையைத் திறக்க நேரமாகிவிட்டது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு புள்ளி புள்ளியாக, பிறகு இழை இழையாக, ஒரு மணி நேரத்தில் எல்லாம் தேடிப்பிடித்து ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. அவ்வளவு குலுக்கு குலுக்கி, துணியில் வடித்த பிறகும். உன் எதிரி என்று தெரியும். இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்று வருஷமாக யாரும் வாங்க வராத கம்பளி ஒன்று கடையில் கிடந்தது. அதைப் போட்டு மூடினேன். மூன்று நாளும் கம்பளியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். திறந்தபோது நூல் குறைந்திருந்தது. இன்னொரு நத்தை போய்விட்டது. ஒன்று மிச்சம். தீனி போடுகிறேன், தண்ணீரைத் தொடவில்லை. கை பரபரக்கிறது, அடக்கிக்கொள்கிறேன்.

படிவம் பற்றி எழுதியிருந்தாய். உனக்கு எது நல்லதோ அதைச் செய். என்னால் உனக்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாது.

கடைக்காரன்


மே 14

லாண்டரிக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. இஸ்திரி போட்ட கடிதம். ஓர் அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை.

தீனியைத் தொடருங்கள். கம்பளியை இன்னொரு முறை போட்டாலும் நல்லது.

படிவத்தில் என் பெயரையும் வேலையையும் எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

நான்


மே 27

பூதக்கண்ணாடி,

இந்தக் கடிதத்தை நான் பிரதி எடுக்கப் போவதில்லை. இதுவரை உனக்கு வந்ததெல்லாம் இரண்டாம் பிரதி. முதலில் பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதுவேன், அடிப்பேன், மாற்றுவேன், பிறகு நல்ல தாளில் அழகாக எழுதி அனுப்புவேன். அடித்ததெல்லாம் இங்கேயே கடையில் கிடக்கிறது. போன கடிதத்தில் "உனக்கு எது நல்லதோ" என்ற இடத்தில் முதலில் ஏழு வரி இருந்தது. ஏழையும் அடித்துவிட்டு அந்த ஒரு வரியை எழுதினேன்.

மேலே மூலையில் இருப்பது டீக்கறை. எடுக்கத் தெரியும், எடுக்கவில்லை. நடுவில் மை கரைந்திருக்கிற இடம் தொட்டித் தண்ணீர் என்று எழுதினேன், அதையும் அடித்திருக்கிறேன், பார். தொட்டித் தண்ணீர் இல்லை.

அந்த ஏழு வரியும் சுற்றிச் சுற்றி ஒன்றையேதான் சொல்லிற்று. போகாதே. டிசம்பரில் நீராவிக்கு நடுவில் நின்றபோது சொல்லியிருக்க வேண்டும். சாப்பாடு போடும்போது சொல்லியிருக்க வேண்டும். படகுத்துறையில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் பார்க்கக் கத்தியிருக்க வேண்டும். என்னைக் கேட்காமல் ஏன் போனாய்? எனக்குக் கோபம். ஆறு வருஷத்தில் உன்மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை என்று நினைத்தாயா? வந்தது, மடித்து வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், இரண்டு வருஷம் முடியாது. இரண்டு வாரம்கூட முடியாது. கையெழுத்துப் போடாதே. வந்துவிடு. வந்து என்னோடு சண்டை போடு.

தொட்டிக் கண்ணாடியில் பச்சை வந்துவிட்டது. மூன்று பக்கமும். நூல் எல்லாம் போய்விட்டது, பின் மூலையில் ஒரு கட்டைவிரல் அளவுதான் இருக்கிறது. மிச்சமிருக்கிற நத்தை பச்சையில் வழி போட்டுக்கொண்டு போகிறது. பெரியவளும் சின்னவனும் தெளிவாகத் தெரியவில்லை, உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம்பர் 4 இத்துடன். மீன்கடைக்காரர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு "என்ன சார் இவ்ளோ அழுக்கா வச்சிருக்கீங்க" என்றார். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. "என் வீட்டுக்காரி அப்படித்தான் வைக்கச் சொல்லியிருக்கா" என்றேன்.

நான்தான்


ஜூன் 8

என்னங்க,

நம்பர் 4-ஐ லென்ஸில் பார்த்தேன். பச்சை இழைகள், நடுவில் கண்ணாடித் தோணி சில, பெயர் தெரியாத ஏதேதோ நீந்திக்கொண்டிருந்த தடம். எல்லாம் கலந்துகட்டி இருக்கிறது. தலைமை நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என்ன இது, யாரோட ரத்தம்" என்று கேட்டாள். வீட்டுக்காரரோடது என்று சொல்லிவிட்டேன்.

டீக்கறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடித்த வரிகளை எல்லாம் படித்துவிட்டேன், நீங்கள் சரியாக அடிக்கவில்லை. கோபத்தோடு எழுதியிருக்கிற பக்கத்தைத்தான் அதிகமாகப் படிக்கிறேன். எனக்கும் நிறைய இருக்கிறது. சேர்த்து வைத்திருக்கிறேன், நேரில் வரும்.

இதோடு ஒரு பார்சல் வருகிறது, என் கோட்டு ஒன்று. இடது பையில் அந்தப் படிவம் இருக்கிறது, கையெழுத்து இல்லாமல். இன்னொரு படிவம் என்னிடம் இல்லை, பெரிய டாக்டரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் ஒரு காரியம் செய்யவேண்டும். பைக்குள் கைவிடாமல் கோட்டை அப்படியே மெஷினில் போடுங்கள். உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். எடுத்தீர்கள், இஸ்திரி போட்டீர்கள் என்று தெரிந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். தாள் துகள் துகளாகப் பிய்ந்து கூடப் போட்ட துணியில் எல்லாம் ஒட்டும். ஒட்டட்டும்.

கண்ணாடியின் முன்பக்கம் மட்டும் ஒரு கை அகலத்துக்குத் துடைத்துவையுங்கள். பெரியவளுக்கு ஆள் வருவது தெரியவேண்டும். ஸ்டூல் இன்னொன்று வாங்கிப் போடுங்கள்.

என் தலையணை உறையையும் கோட்டோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள். ஜூலை 29 படகில் நானே வருகிறேன்.

நான்